ஏடாமில் வீடு பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிவப்பு மெழுகு பூசிய உருண்டை சீஸைச் சூப்பர் மார்க்கெட்டில் பார்த்திருப்பீர்கள். ‘ஈடம்’ என்று எழுதியிருக்கும். அந்த ஊர்தான் இது. ஊர்க்காரர்கள் வாயில் அது ‘ஏடாம்’. நெதர்லாந்தில், ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஏழாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கும் சின்ன ஊர். ரயில் கிடையாது, பேருந்துதான். ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஆம்ஸ்டல்வேனில் வாடகை கொடுத்துச் சலித்த நண்பர்கள் வார இறுதியில் இங்கே வந்து, கால்வாய் ஓரத்து வீடுகளைப் பார்த்து மயங்கி, அன்று இரவே எனக்குப் போன் செய்கிறார்கள். கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் பதில்களை எழுதியே வைத்துவிட்டேன்.

ஏடாமில் என்னென்ன மாதிரி வீடுகள் இருக்கின்றன?

வெங்காயத்தை வெட்டினால் வளையம் வளையமாகத் தெரியுமே, ஊர் அப்படித்தான். நடுவில் கால்வாய்கள் சூழ்ந்த பழைய நகரம். 1357-ல் நகர உரிமை பெற்ற இடம் அது. அங்கே 17, 18-ஆம் நூற்றாண்டு வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். முகப்பு குறுகல், உள்ளே நீளம். தெருப் பக்கம் செங்கல்லாகத் தெரிந்தாலும், பல வீடுகளில் உள்ளே பாரம் தாங்குவது மரச்சட்டம்தான்.

அதைச் சுற்றி 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதி வீடுகள். அதற்கும் வெளியே, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கட்டிய வரிசை வீடுகள். ஒரே கூரை, ஒரே அளவு, முன்னால் கையளவு தோட்டம், பின்னால் கொஞ்சம் பெரிய தோட்டம், அதன் கோடியில் சைக்கிள் வைக்கிற கொட்டகை, கொட்டகைக்குப் பின்னால் ஒரு சந்து. நாடு முழுக்கவே பத்து வீட்டில் நான்குக்கு மேல் இந்த ரகம். நான் இருப்பதும் அப்படி ஒன்றில்தான், 1974-ல் கட்டியது. படம் எடுத்துப் போட ஆசை வராது. குடியிருக்க நல்ல வீடு.

ஊரைத் தாண்டினால் புல்வெளி நடுவே கூம்புக் கூரைப் பண்ணை வீடுகள் வரும். அதைப் பிறகு சொல்கிறேன்.

விளம்பரத்தில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? விலையையா?

கட்டிய ஆண்டை. இங்கே வீட்டுக்கு ஜாதகம் அதுதான். ஆண்டைச் சொன்னால், சுவர் எப்படி, தரை எது, கண்ணாடி எத்தனை அடுக்கு, எங்கே தொல்லை வரும் என்று அனுபவசாலிகள் வீட்டைப் பார்க்காமலே பாதி சொல்லிவிடுவார்கள்.

1900-க்கு முந்தைய வீடு என்றால் சுவர் ஒரே கனமான செங்கல், தரை மரப்பலகை. குளிரும் ஈரமும் நேராக உள்ளே வரும். 1920, 30-களில் இரட்டைச் சுவர் பரவுகிறது: இரண்டு செங்கல் அடுக்கு, நடுவில் காற்று இடைவெளி. ‘முப்பதுகளின் வீடு’ என்றால் இந்த நாட்டில் ஒரு கிறக்கம் உண்டு. முன்னால் துருத்திய ஜன்னல், வண்ணக் கண்ணாடி, நல்ல மர வேலை. விளம்பரத்தில் அந்தச் சொல் இருந்தாலே விலை ஒரு படி ஏறும்.

போர் முடிந்தபின் வீட்டுப் பஞ்சம். வேகமாகவும் சிக்கனமாகவும் கட்டினார்கள். அறைகள் சிறியவை, சத்தம் கடக்கும் சுவர்கள். 60-களிலிருந்து ‘டோர்ஸோன்’ வீடு வருகிறது. முன் ஜன்னலில் நுழைந்த வெயில் பின் ஜன்னல்வரை போகும் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். கூடம் முழுக்க ஒரே அறை. இந்தக் காலத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. 60-களின் நடுவிலிருந்து 80-களின் தொடக்கம் வரை, ‘க்வாய்தால்’ என்ற பெயரில் தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் தரைப் பலகைகளைப் பல வீடுகளில் போட்டார்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று கலந்த குளோரைடு உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. கம்பி ஊதி, கான்கிரீட் கீழிருந்து உதிரும். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

70-களின் நடுவுக்கு முன்பு கட்டிய வீட்டில் குளிர்காப்பு இருந்தால், பெரும்பாலும் யாரோ பிறகு செய்ததுதான். 1993 நடுவில் ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை வந்தது. அதற்கு முந்தைய வீட்டில் கொட்டகைக் கூரை, புகைக்குழாய், பழைய வினைல் தரையின் அடிப்பாகம் எதிலும் அது இருக்கலாம். 2003 கட்டட விதிகள் உட்கூரையின் குறைந்தபட்ச உயரத்தை 2.4-லிருந்து 2.6 மீட்டராக உயர்த்தின, கதவு நிலையின் உயரமும் கூடியது. 2018 ஜூலைக்குப் பின் அனுமதி கேட்ட புது வீடுகளுக்கு எரிவாயு இணைப்பே கிடையாது.

விளம்பரத்தில் போட்ட ஆண்டு உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

‘பாஹ்’ என்றொரு பதிவேடு இருக்கிறது. நாட்டின் ஒவ்வொரு முகவரிக்கும், ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஆண்டு, பரப்பு, பயன்பாடு மூன்றும் அதில் இருக்கும். தகவலைக் கொடுப்பது நகராட்சி, மொத்தமாகப் பராமரிப்பது கடாஸ்டர் என்ற நிலப் பதிவுத் துறை. இணையத்தில் யாரும் காசு கொடுக்காமல் பார்க்கலாம்.

பழைய வீடுகளுக்கு அந்த ஆண்டை அப்படியே நம்பிவிடாதீர்கள். தெரியாத இடத்தில் உத்தேசமாக எதையாவது போட்டிருப்பார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஆண்டு தெரியாத கட்டடங்களுக்கு 1005 என்று பதிந்திருக்கிறார்கள். ஆயிரம் வருட வீடு என்று யாரும் பெருமைப்பட வேண்டாம்.

அஸ்திவாரத்தைப் பற்றி எல்லாரும் பயமுறுத்துகிறார்களே?

காரணம் இருக்கிறது. இந்தப் பக்கத்து மண், செடி கொடி மக்கிச் சேர்ந்த கறுப்புச் சதுப்பு மண். அதன் மேல் கனமாக எதை வைத்தாலும் மெல்ல அமுங்கும். கெட்டியான மணல் பல மீட்டர் கீழே. அதைத் தொட மரக் கம்பங்களை அடித்து, அவற்றின் தலைமேல் சுவரை எழுப்பினார்கள்.

தண்ணீரில் முழுதாக முழுகிக் கிடக்கிற மரத்துக்குக் காற்று கிடைக்காது, அதனால் பூஞ்சை வராது, நூற்றாண்டுகள் நிற்கும். நிலத்தடி நீர் இறங்கிக் கம்பத்தின் தலை வெளியே தெரிந்தால் கதை மாறும். தலை மட்டும் உளுத்துப் போகும், வீடு சாயும். வெயில் கொளுத்திய வறண்ட கோடைகள் கேடு செய்வது இப்படித்தான். பிறகு கட்டியவர்கள் மரக் கம்பத்தின் மேல்பகுதியைக் கான்கிரீட்டில் செய்தார்கள். அப்புறம் முழுக் கம்பமுமே கான்கிரீட் ஆயிற்று.

கம்பமே இல்லாத வீடுகளும் உண்டு. ஆவணத்தில் ‘ஒப் ஸ்டால்’ என்று இருந்தால் எஃகின் மேல் கட்டியது என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள். அந்தச் சொல்லுக்கும் எஃகுக்கும் சம்பந்தமில்லை. சுவரின் அடியைக் கொஞ்சம் அகலமாக்கி நேரே மண்மேல் உட்கார வைத்தது என்று அர்த்தம்.

இந்த ஊர்க்காரர்களுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவைப் பார்க்க, பழைய நகரசபைக் கட்டடத்துக்கு எதிரே டாம்பிளைன் சதுக்கத்தில் இருக்கும் ஏடாம் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1530-களை ஒட்டிக் கட்டிய வீடு. ஊரின் மிகப் பழைய கல்வீடு என்கிறார்கள். அதன் நிலவறை மிதக்கிறது! செங்கல்லில் கட்டிய ஒரு பெட்டி, வீட்டுச் சுவரோடு ஒட்டாமல் நிலத்தடி நீரின் மேல் தனியே கிடக்கிறது. கடலை மறக்க முடியாத கப்பல் தலைவன் ஒருவன் ஆடிக்கொண்டே இருக்க ஆசைப்பட்டுக் கட்டினான் என்று ஒரு கதை சொல்வார்கள். நீர் மேலே தள்ளும்போது தரை வெடிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு என்பதுதான் எனக்கு நம்பும்படி இருக்கிறது.

சரி, உங்கள் வீட்டுக்கு என்ன செய்வது? கட்டட நிபுணரை வைத்துச் சோதித்துப் பாருங்கள். சில நூறு யூரோ ஆகும். அதில் கஞ்சத்தனம் வேண்டாம். என் வீட்டைப் பார்க்க வந்தவர் வாசலுக்குள் நுழைந்ததும் கால்மிதியைத் தூக்கினார். அடியில் ஒரு மூடி. அதைத் திறந்து டார்ச்சோடு இடுப்பளவு இறங்கினார். தரைக்கும் மண்ணுக்கும் நடுவே தவழ்ந்து போகிற அளவு இடைவெளி. ஈர மண் வாசனை குப்பென்று வந்தது. தரையின் அடியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, ‘இது க்வாய்தால் இல்லை’ என்றார். மேலே வந்து சட்டைப்பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துக் கூடத்தில் வைத்தார். அது நகரவில்லை. எனக்கு அந்தக் கோலிக்குண்டு ஒன்றே போதுமாக இருந்தது. அவர் அதற்கு மேல் ஒரு மணி நேரம் சுற்றினார்.

வரிசை வீட்டில் இன்னொன்று: அஸ்திவாரம் பக்கத்து வீட்டோடு சேர்ந்தது. பழுது பார்ப்பதென்றால் எல்லாரும் சேர்ந்துதான் செய்ய முடியும். ஒரு வீட்டுக்கு ஒரு லட்சம் யூரோவைத் தொடும் வேலை அது. அண்டை வீட்டார் ஒத்து வருவார்களா என்று சும்மா கதவைத் தட்டிப் பேசிப் பார்ப்பதில் தப்பில்லை.

‘5 அறை’ என்று போட்டிருக்கிறது. ஐந்து படுக்கையறையா?

இல்லை. கூடமும் ஓர் அறையாகக் கணக்கு. ஆக, கூடம் ஒன்று, படுக்கையறை நான்கு. சமையலறை, குளியலறை கணக்கில் வராது.

சதுர மீட்டரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சரிந்த கூரைக்குக் கீழே, தலைக்கு மேல் 1.5 மீட்டருக்குக் குறைவாக இருக்கும் இடத்தைக் குடியிருப்புப் பரப்பில் சேர்க்கக் கூடாது. மடக்கு ஏணி வைத்து ஏறுகிற பரணும் ‘மற்ற உள் இடம்’ என்று தனியாகத்தான் எழுதப்படும். பரணில் நின்று பார்த்துவிட்டு ‘எவ்வளவு பெரிய வீடு!’ என்று திரும்பாமல், அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். வரிசை வீட்டின் அகலம் பெரும்பாலும் 5-லிருந்து 6 மீட்டர். பரப்பு 100 முதல் 120 சதுர மீட்டர்.

உள்ளே நமக்குப் பழக்கமில்லாதது என்னென்ன?

படிக்கட்டு. பழைய நகர வீடுகளில் அது ஏணிக்குச் சித்தப்பா பையன். இறங்கும்போது முதுகைக் காட்டி இறங்குங்கள். அலமாரியைப் படி வழியாக ஏற்ற முடியாது என்பதால்தான் பழைய முகப்பின் உச்சியில் கொக்கி வைத்த உத்திரம் நீட்டிக்கொண்டிருக்கிறது. சாமான் ஜன்னல் வழியாக வரும்.

அப்புறம் கக்கூஸ். கீழ்த்தளத்தில் வாசலை ஒட்டி, முழங்கால் கதவில் இடிக்கிற அளவுக்கு ஓர் அறை, உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு கைகழுவும் தொட்டி, சுவரில் உறவினர் பிறந்தநாள்களை எழுதிய காலண்டர். அந்தச் சொல்லே டச்சுக்காரர்கள் நாகப்பட்டினம், பழவேற்காடு பக்கம் விட்டுப்போன ‘காக்ஹௌஸ்’ என்பதிலிருந்து வந்தது என்கிறார்கள். இங்கே இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை, ‘வே-சே’ என்பார்கள். நாம்தான் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

மொட்டை மாடி கிடையாது. வடாம் காயப்போட ஆசைப்பட்டால் பின்தோட்டம் தெற்கு பார்த்ததா என்று பாருங்கள். விளம்பரத்திலேயே திசை போட்டிருப்பார்கள். தெற்கு, மேற்கு என்றால் அதற்கும் ஒரு விலை உண்டு.

பழைய நகரத்துக்குள் அரசு பாதுகாக்கும் வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

‘ரைக்ஸ்மோனுமெண்ட்’ என்ற பட்டியலில் இருக்கும் வீடுகள் ஏடாமில் நூற்றுக்கு மேல். அப்படி ஒன்றை வாங்கினால் முகப்பு மட்டுமல்ல, உள்ளே இருக்கும் உத்திரம், பழைய கதவு, அடுப்பங்கரை ஓடுகூடப் பாதுகாப்புக்குள் வரும். இரட்டைக் கண்ணாடி போட, சூரியத் தகடு வைக்க, சுவர் இடிக்க அனுமதி கேட்க வேண்டும். பராமரிப்புக்கு உதவித்தொகை உண்டு, ஆனால் செலவு அதைவிட வேகமாக ஓடும். மர வேலையில் கைதேர்ந்தவருக்கும் பொறுமைசாலிக்கும் சரி. இரண்டு கைக்குழந்தையோடு, இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

பட்டியலில் இல்லாத வீடாக இருந்தாலும், பழைய நகரம் முழுவதுமே பாதுகாக்கப்பட்ட பகுதி. தெருவிலிருந்து தெரிகிற எதையும் மாற்றும் முன் நகராட்சியில் கேளுங்கள்.

எரிசக்தி லேபிளை எவ்வளவு நம்பலாம்?

வீடு எவ்வளவு எரிசக்தி தின்னும் என்று ஏ, பி, சி எனத் தரம் பிரித்துச் சொல்கிற சான்றிதழ் அது. விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் லேபிள் வேண்டும். 10 ஆண்டு செல்லும். தேதியைப் பாருங்கள். 2021 ஜனவரி முதல் நிபுணர் நேரில் வந்து அளந்து கொடுக்கிறார். அதற்கு முன் ஆறு ஆண்டுகள், வீட்டுக்காரர் இணையத்தில் சில கேள்விகளுக்குப் பதில் போட்டு வாங்கிய லேபிள்கள்தான். யாரும் வீட்டுக்கு வந்ததில்லை. அவற்றில் சில இன்னும் செல்லுபடியாகின்றன.

வங்கிக் கடனிலும் இது எட்டிப் பார்க்கிறது. 2024 முதல், வருமானத்தை வைத்துக் கணக்கிட்ட கடனுக்கு மேல் சி, டி லேபிளுக்கு 5,000 யூரோ, ஏ, பி-க்கு 10,000 யூரோ கூடுதலாகத் தரலாம். இ, எஃப், ஜி-க்கு ஒன்றும் இல்லை.

வொஸ் மதிப்பு என்கிறார்களே, அதுதான் சந்தை விலையா?

நகராட்சி ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் போடுகிற மதிப்பு அது. கணக்கிடும் நாள் முந்தைய ஆண்டு ஜனவரி 1. அதனால் விலை ஏறுகிற காலத்தில் சந்தைக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும். யார் வீட்டு மதிப்பையும் யாரும் இணையத்தில் பார்க்கலாம். நான் குடிவந்த வாரமே என் அடுத்த வீட்டுக்காரர் என்னுடையதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

வீட்டு வரி இதை வைத்துத்தான், உரிமையாளர் கட்டுவது. வருமான வரியிலும் இதில் 0.35 சதவீதம் உங்கள் வருமானத்தோடு சேரும்: 4,00,000 யூரோ வீட்டுக்கு 1,400 யூரோ. கடன் வட்டிக்கு விலக்கு கிடைப்பதால் அது பெரிதாகத் தெரியாது. மதிப்பு அதிகம் என்று தோன்றினால் ஆறு வாரத்துக்குள் ஆட்சேபம் எழுதலாம்.

மொத்தச் செலவு எவ்வளவு ஆகும்?

2024-ல் நாட்டின் சராசரி விற்பனை விலை ஏறக்குறைய 4,51,000 யூரோ. விளம்பரத்தில் போட்ட விலைக்கு மேல் வாங்குபவர் கேட்பதுதான் இங்கே நடைமுறை. அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டு வாருங்கள்.

விலைக்குப் பக்கத்தில் ‘க.க.’ என்று இரண்டு எழுத்து இருந்தால், பத்திரச் செலவும், வீடு கைமாறும்போது கட்டுகிற மாற்று வரியும் வாங்குபவர் தலையில். குடியிருக்க வாங்கினால் மாற்று வரி 2 சதவீதம். 18 வயதுக்கு மேல் 35-க்குள் இருந்து, அந்தச் சலுகையை முன்பு பயன்படுத்தாமல் இருந்தால், அதுவும் இல்லை. ஆனால் வீட்டு விலைக்கு உச்சவரம்பு உண்டு. 2025-ல் அது 5,25,000 யூரோ. ஒரு யூரோ தாண்டினாலும் முழு விலைக்கும் வரி. வங்கி பொதுவாக வீட்டு மதிப்பில் 100 சதவீதத்துக்கு மேல் தராது. ஆகவே வரி, நோட்டாரிஸ் (பத்திரம் முடித்துத் தருபவர்) கட்டணம், மதிப்பீடு, போட்ட மதிப்புக்கு மேல் கேட்ட தொகை எல்லாம் உங்கள் கைத்துட்டு. (துட்டும் டச்சுச் சொல்தான்.)

வெளிநாட்டவர் வீடு வாங்கத் தடையில்லை. தற்காலிக விசா என்றால் சில வங்கிகள் முகம் சுளிக்கும், அவ்வளவுதான்.

வாடகைக்குக் கிடைக்காதா?

கஷ்டம். வாடகை வீடுகளில் பெரும்பங்கு வீட்டுவசதிச் சங்கங்களுடையது. நாடு முழுக்க பத்தில் மூன்று வீடு அவர்களுடையது. வருமான வரம்பு உண்டு, ஆம்ஸ்டர்டாம் வட்டாரத்தில் காத்திருப்பு பத்து ஆண்டைத் தாண்டும். தனியார் வீட்டில் வாடகை அதிகம் என்று தோன்றினால் புள்ளி எண்ணிப் பாருங்கள். பரப்பு, லேபிள், சமையலறை, வொஸ் மதிப்பு எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. 2024 ஜூலை முதல் போட்ட ஒப்பந்தமானால், 186 புள்ளிவரை வாடகைக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு.

கடல் பக்கத்திலேயே இருக்கிறது. வெள்ளம் வராதா?

1916 ஜனவரியில் வந்தது. அப்போது ஊருக்குக் கிழக்கே இருந்தது சைடர்ஸே என்ற உப்புக்கடல். புயலில் அணை உடைந்து இந்தப் பகுதி முழுகியது. அதன் பிறகுதான் கடலையே வாய் கட்டினார்கள். 1932-ல் அப்ஸ்லெய்ட்டைக் அணை முடிந்ததும் அது நன்னீர் ஏரியாயிற்று. இன்று ஊருக்குப் பக்கத்தில் இருப்பது மார்க்கர் ஏரி.

தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பது நீர் வாரியத்தின் வேலை. அதற்கு நகராட்சி வரி போக ஒரு தனி வரி வரும். முதல் தடவை அந்தக் கடிதத்தைப் பார்த்தவர்கள் மோசடி என்று நினைக்கிறார்கள். கட்டிவிடுங்கள். காப்பீட்டில் ஒன்று கவனியுங்கள்: மழைநீர் புகுந்தால் பணம் உண்டு; பெரிய அணை உடைந்தால் சாதாரண வீட்டுக் காப்பீட்டில் பெரும்பாலும் இல்லை.

கூம்புக் கூரைப் பண்ணை வீடு?

‘ஸ்டோல்ப்’ என்று பெயர். வட ஹாலந்தின் அடையாளம். நடுவில் நான்கு பெரிய மரத்தூண்கள். அவற்றின் மேல்தான் முழுக் கூரையும். நடுச்சதுரத்தில் வைக்கோல், ஓரங்களில் மாடும் மனிதரும். இப்போது மாட்டுக்குப் பதில் கார். கூரைப் பரப்பைப் பார்த்துவிட்டு ஓடு மாற்ற என்ன ஆகும் என்று விசாரியுங்கள். ஆசை தானே அடங்கும்.

கையெழுத்துப் போட்டபின் மனம் மாறினால்?

மூன்று நாள் அவகாசம் சட்டத்திலேயே உண்டு. இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்த நகல் கைக்கு வந்த மறுநாள் தொடங்கும். காரணமே சொல்லாமல் விலகலாம். இது வாங்குபவருக்கு மட்டும்.

சாவி கைக்கு வரும்போது வீட்டில் என்னென்ன இருக்கும்?

ஒப்பந்தத்தோடு ஒரு சாமான் பட்டியல் வரும். திரைச்சீலை, விளக்கு, அடுப்பு, தோட்டக் கொட்டகை என்று வரிவரியாக ‘இருக்கும்’, ‘எடுத்துப் போகப்படும்’, ‘விலை பேசலாம்’ என்று குறித்திருப்பார்கள். நான் அதைச் சடங்குக் காகிதம் என்று நினைத்துக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நோட்டாரிஸிடம் போகும் முன் வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது, விற்றவர் மரத்தரையைப் பெயர்த்து எடுத்துப் போயிருந்தார். பட்டியலில் அது தெளிவாகத்தான் இருந்தது. கூடத்தில் வெறும் சிமெண்ட், உட்கூரையிலிருந்து தொங்கும் இரண்டு ஒயர். முதல் இரவு சாப்பாட்டை நாங்கள் சமையலறை அடுப்பு விளக்கின் வெளிச்சத்தில்தான் சாப்பிட்டோம்.